"நம் நிறத்தில் யாராவது ஜெயித்திருக்கிறார்களா, டீச்சர்?" – உலக அழகிப் போட்டிகளும் நம் கடற்கரைப் பிள்ளைகளும்

மண்டபம் செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மண்டபம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 2025 நவம்பரில் தாய்லாந்தில் பிரபஞ்ச அழகிப் போட்டி (மிஸ் யுனிவர்ஸ்) நடந்தபோது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வேறு பேச்சே இல்லை. மெக்சிகோவின் ஃபாத்திமா போஷை அமைப்பாளர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அவர் அவமானத்தை விழுங்கிக்கொண்டு உட்காரவில்லை, எழுந்து வெளியேறினார். அவருக்குத் துணையாக மற்ற நாட்டுப் பெண்கள் பலரும், முந்தைய ஆண்டு மகுடம் சூடிய டென்மார்க்கின் விக்டோரியா தெய்ல்விக்கும் எழுந்து நடந்தார்கள். கடைசியில் அந்த ஃபாத்திமாவே பட்டம் வென்றார். இது பிள்ளைகளை ஆட்கொண்டுவிட்டது. நானும் தடுக்கவில்லை. அநியாயமாகத் திட்டினால் எழுந்து போகலாம் என்று பாடப்புத்தகம் இவ்வளவு எளிதாகச் சொல்லித் தருவதில்லை.

அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் ஒரு பிள்ளை, தலைப்பில் நான் கொடுத்திருக்கும் கேள்வியைக் கேட்டாள். ஊர்த் திருவிழா நடனத்தில் அவளை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை, சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருந்தது. "நன்றாகப் படி, நிறத்தைப் பற்றி யோசிக்காதே" என்று சொல்லி அவளை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை கேட்டதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

தங்கச்சிமடம் ஜெனி எழுதியது:

செல்வி அக்கா, ஜெயித்திருக்கிறார்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். பெயர், ஆண்டு, நாடு எல்லாவற்றோடும் சொல்லுங்கள்.

1970இல் லண்டனில் உலக அழகிப் பட்டம் (மிஸ் வேர்ல்ட், இது வேறு போட்டி) வென்றவர் கிரெனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டன். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அந்த ஆண்டின் கதையை முழுவதும் சொல்ல வேண்டும். இனவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்ணுக்கு நாட்டின் பெயர் பொறித்த பட்டை. பேர்ல் ஜான்சன் என்ற, வெள்ளையர் அல்லாத இன்னொரு பெண்ணின் பட்டையில் 'ஆப்பிரிக்கா சவுத்' என்று எழுதியிருந்தார்கள். நாட்டின் பெயரைத் தலைகீழாக்கி அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பேர்ல் ஜான்சன்தான் இரண்டாம் இடம் பிடித்தார். அதே இரவில் பெண்ணுரிமைப் போராளிகள் அரங்குக்குள்ளேயே மாவுப் பொட்டலங்களை வீசி, "பெண்களை மாட்டுச் சந்தையில் நிறுத்துவதுபோல நிறுத்தாதே" என்று குரல் கொடுத்தார்கள். மேடைக்குக் கீழே அப்படி ஒரு நியாயம், மேடையில் இப்படி ஒரு நியாயம். இரண்டுமே நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன்.

1977இல் டிரினிடாட் டொபாகோவின் ஜேனல் கமிஷாங் பிரபஞ்ச அழகி ஆனார். 2011இல் அங்கோலாவின் லெய்லா லோபெஸ். 2019இல் தென்னாப்பிரிக்காவின் சோசிபினி துன்சி. துன்சியின் படத்தை அந்தப் பிள்ளைக்குக் காட்டுங்கள். ஒட்ட வெட்டிய சுருட்டை முடி, கருத்த மேனி. என்னைப் போன்ற தோலும் முடியும் உள்ள பெண்ணை அழகி என்று ஒருபோதும் கருதாத உலகத்தில் நான் வளர்ந்தேன், அது இன்றோடு நிற்க வேண்டும் என்ற பொருளில் இறுதிச் சுற்றில் பேசினார். அதே ஆண்டு உலக அழகியானவர் ஜமைக்காவின் டோனி ஆன் சிங். தாய் ஆப்பிரிக்க வம்சம், தந்தை இந்திய வம்சம். என் மகள்கள் இருவரும் அவர் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

தொண்டி ரஃபீக் எழுதியது:

ஜெனி அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது ஆப்பிரிக்காவைப் பற்றி அன்று, தன்னைப் பற்றி. இந்தியாவிலிருந்து வென்றவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். உலக அழகிகள் ரீட்டா ஃபாரியா 1966, ஐஸ்வர்யா ராய் 1994, டயானா ஹைடன் 1997, யுக்தா முகி 1999, பிரியங்கா சோப்ரா 2000, மானுஷி சில்லர் 2017. பிரபஞ்ச அழகிகள் சுஷ்மிதா சென் 1994, லாரா தத்தா 2000, ஹர்னாஸ் சந்து 2021. இதில் நம் பாம்பன் பாலத்தடியில் மீன் கூடை இறக்கும் பெண்ணின் நிறம் எங்கே இருக்கிறது?

அந்தப் பெண்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உழைத்து வென்றார்கள். என் கோபம் அந்த மேடையைக் கட்டியவர்கள் மேல். பிரபஞ்ச அழகிப் போட்டி எப்படிப் பிறந்தது என்று படித்துப் பாருங்கள். 1951ஆம் ஆண்டுக்கான அமெரிக்க அழகி யோலாண்ட் பெட்பீஸ், பட்டம் வென்றபின் நீச்சலுடையில் ஊர் ஊராகப் போஸ் கொடுக்க மறுத்தார். அந்தப் போட்டிக்குப் பணம் கொடுத்து வந்த நீச்சலுடை நிறுவனம் கோபித்துக்கொண்டு விலகி, 1952இல் தானே ஒரு போட்டியைத் தொடங்கியது. அதுதான் இது. சரக்கு விற்க வந்த மேடை. 1994 முதல் 2000 வரை இந்தியாவுக்கு ஆறு மகுடங்கள் வந்தன. 1991இல் சந்தை திறந்துவிடப்பட்ட பிறகு வந்த காலம் அது. அந்தக் காலத்தில்தான் நம் தெருக் கடை வரைக்கும் சிகப்பழகு கிரீம் வந்து தொங்கியது. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தங்கச்சிமடம் ஜெனி எழுதியது:

ரஃபீக் தம்பி, ரீட்டா ஃபாரியாவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1966இல் எந்தச் சந்தையும் அவரை அனுப்பவில்லை. பம்பாயில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பெண். கடன் வாங்கிய புடவையோடு லண்டனுக்குப் போனார். ஆசியாவிலிருந்து உலக அழகியான முதல் பெண். சினிமா வாய்ப்புகளை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் படிப்பைத் தொடர்ந்து மருத்துவரானார். சுஷ்மிதா சென் இந்திய அழகிப் போட்டியில் அணிந்த கவுன், டெல்லி சரோஜினி நகர்ச் சந்தையில் வாங்கிய துணியில் ஒரு சாதாரணத் தையல்காரர் தைத்தது. கையுறைகூட, புதுக் காலுறையை வெட்டித் தைத்ததுதான். இதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட பெண்களும் அந்த மேடைக்குப் போயிருக்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலிருந்தே 2018இல் திருச்சிப் பெண் அனுகீர்த்தி வாஸ் இந்திய அழகிப் பட்டம் வென்று, சீனாவின் சான்யா நகரில் நடந்த உலக அழகிப் போட்டிக்குப் போனார். திருச்சி நமக்கு ஒரு பஸ் தூரம்.

தொண்டி ரஃபீக் எழுதியது:

சுஷ்மிதாவின் காலம் வேறு அக்கா. இன்று போகிற பிள்ளைகளுக்கு நடைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, பல் சீரமைப்பு, பெட்டி பெட்டியாக உடைகள் என்று எவ்வளவு செலவு! ஒவ்வொரு நாட்டிலும் போட்டி நடத்தும் உரிமையை ஒரு நிறுவனம் விலை கொடுத்து வாங்குகிறது. வாங்கியவர் போட்ட பணத்தை எடுக்கத்தான் பார்ப்பார். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் மகளால் அந்த வாசலில் நிற்க முடியுமா? நிறத்துக்கு முன்னால் பணம் நிற்கிறது.

சாயல்குடி மாணிக்கம் எழுதியது:

வயதானவன் ஒரு வார்த்தை சொல்கிறேன். 1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தது. இடதுசாரி மாதர் அமைப்புகளும் எதிர்த்தன, இந்து அமைப்புகளும் எதிர்த்தன. காரணங்கள் வேறு வேறு. நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். போட்டியை எதிர்த்து நம் மதுரையில் ஓர் இளைஞர் உயிரையே விட்டார். அந்தச் செய்தியைப் படித்த காலையில் எங்கள் தேநீர்க் கடையில் எல்லாரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். அந்த இளைஞரின் வீட்டை யாரும் பிறகு நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அன்று பட்டம் வென்ற கிரேக்க நாட்டுப் பெண்ணின் பெயர் ஐரீன் ஸ்க்லீவா. அதுவும் இன்று யாருக்கும் நினைவில்லை. பெண்பிள்ளைகளின் ஆசையைப் பற்றிப் பேசும்போது ஆண்கள் நாம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுவது நல்லது. உயிரை விடுகிற அளவுக்கு அதில் நம் மானம் எதுவும் இல்லை.

தேவிபட்டினம் குமரன் எழுதியது:

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் இதைப் பேச வேண்டுமா? அரைகுறை ஆடையில் மேடையில் நடப்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் கடற்கரையில் கோயிலும் தர்காவும் தேவாலயமும் இருக்கின்றன. எந்த வீட்டிலும் இதை ஏற்கமாட்டார்கள்.

கீழக்கரை சுமையா எழுதியது:

குமரன் அண்ணன், நான் கீழக்கரை, தலையில் துப்பட்டாவோடு மருத்துவம் படிக்கிறவள். எங்கள் வீட்டின் பெயரில் நீங்கள் கவலைப்பட்டதால் நானே பதில் சொல்கிறேன்.

உலக அழகிப் போட்டியில் நீச்சலுடைச் சுற்றைக் கைவிடுவதாக 2014இலேயே அறிவித்துவிட்டார்கள். பிரபஞ்ச அழகிப் போட்டியில் அந்தச் சுற்று இருக்கிறது. ஆனால் 2021இல் பஹ்ரைன் பெண் உடல் முழுவதும் மூடிய நீச்சலுடையில்தான் நடந்தார். 2023இல் பாகிஸ்தானின் எரிக்கா ராபினும் அப்படியே. 2025இல் பாலஸ்தீனத்தின் சார்பில் முதன்முறையாக ஒரு பெண், நதீன் அய்யூப், அந்த மேடையில் நின்றார். முதல் முப்பது பேருக்குள் வந்தார். அந்த நாட்டின் பெயரை அன்று அத்தனை பேர் முன்னால் உரக்கச் சொன்னார்கள். எங்கள் உம்மாவும் லாத்தாவும் கண் கலங்கப் பார்த்தார்கள்.

மணமான பெண்களும் தாய்மார்களும் 2023 முதல் பிரபஞ்ச அழகிப் போட்டியில் கலந்துகொள்ளலாம். 28 வயது என்ற வரம்பு 2024இல் போய்விட்டது. அர்ஜென்டினாவில் அலெஹாந்திரா ரோட்ரிகஸ் என்ற வழக்கறிஞர் 60 வயதில் பியூனஸ் அயர்ஸ் மாகாணப் பட்டத்தை வென்றார். இவற்றை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. உள்ளே இருந்த பெண்களும் வெளியே இருந்த பெண்களும் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு வாங்கியவை. எந்த ஆடை என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும்.

எனக்கு ஆடையைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ரஃபீக் காக்கா அந்தக் கிரீமைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர்களில் வளைகுடாவிலிருந்து யாராவது வந்தால் பெட்டியில் பேரீச்சம்பழம், தைலம், சோப்பு, அதோடு வெள்ளையாக்கும் கிரீம் டப்பாவும் வரும். பல டப்பாக்களில் என்ன கலந்திருக்கிறது என்ற விவரமே இருக்காது. பூசினால் ஒரு சில வாரங்களில் முகம் வெளுக்கும். காரணம், அவற்றில் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாகத் தேவையான நொதியைப் பாதரசம் முடக்குகிறது. அது தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. சிறுநீரில் புரதம் வெளியேறும், கால் வீங்கும், முகம் உப்பும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிக் கிரீம் பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்களில் இளம் பிள்ளைகளும் உண்டு. மலப்புரமும் நம்மைப் போலவே வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஊர்தான்.

இன்னொரு வகையில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மருந்துக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். முதலில் பளபளப்பு. பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரிந்து, பருவும் முடியும் முளைத்து, நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவந்துபோகும். நம் வெயிலில், உப்புக் காற்றில், நம் தோலைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அந்தக் கருமை நிறம்தான். அதைச் சுரண்டி எடுக்க நாமே காசு கொடுக்கிறோம்.

செல்வி டீச்சர், அந்தப் பிள்ளை பூசிக்கொண்டிருக்கிறாளா என்று தயவுசெய்து கேளுங்கள்.

அரண்மனைத் தெரு ராணி எழுதியது:

ராமநாதபுரத்தில் அழகு நிலையம் நடத்துகிறேன். தொழிலை வைத்து என்னைக் குறை சொல்வீர்கள் என்று நினைத்தேன், ஆனாலும் எழுதுகிறேன். மணப்பெண் அலங்காரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது "எத்தனை ஷேடு ஏற்றுவீர்கள்" என்பதுதான். பெண் கேட்பதில்லை, கூட வரும் மாமியாரோ சித்தியோ கேட்பார்கள். அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கருத்த பெண்ணுக்கு அவள் நிறத்துக்கே பொருந்துகிற ஃபவுண்டேஷன் வாங்கி வைத்தால், "இது எதற்கு, வெள்ளையாக்குங்கள்" என்பார்கள். சொன்னதைச் செய்யாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

சுமையா சொன்ன ஸ்டீராய்டு முகங்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். இரத்த நாளங்கள் கன்னத்தில் சிவப்பு நூலாகத் தெரியும். அப்படி வருகிறவர்களுக்கு நான் ஃபேஷியல் செய்வதில்லை, தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன். ஒரு பிரபல கிரீமின் பெயரிலிருந்து 2020இல் 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'குளோ' என்று போட்டார்கள். வாங்க வருகிறவர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்லிக் கேட்கிறார்கள்.

சின்னப்பாலம் மகள் எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். என் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு தீவுப் பக்கம் மூழ்குவார். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை எல்லாம் எடுத்துக் காயவைத்து எடைக்குப் போடுவார்கள். அந்தப் பாசியிலிருந்து எடுக்கும் பசைப் பொருள்கள் பற்பசைக்கும் ஷாம்புக்கும் முகத்தில் பூசும் கிரீம்களுக்கும்தான் போகின்றன. மேடையில் நிற்கிற பெண்ணின் முகத்தில் எங்கள் அம்மாக்கள் எடுத்த பாசியும் இருக்கலாம். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் 2025 மே மாதம் ஹைதராபாத்தில் நடந்த உலக அழகிப் போட்டியின்போது, தெலங்கானாவின் ராமப்பா கோயிலுக்கு வந்த போட்டியாளர்களின் கால்களுக்கு உள்ளூர்ப் பெண்கள் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்ட காணொளியைப் பார்த்தபோது நெஞ்சு எரிந்தது. விருந்தினருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. குனிந்து துடைக்கச் சொன்னது யார்? வந்த பெண்கள் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஏற்பாடு செய்தவர்களுக்கு, நம் பெண்கள் என்றால் குனிய வேண்டியவர்கள் என்ற எண்ணம். அந்தப் போட்டியிலிருந்து இங்கிலாந்தின் மில்லா மேகி பாதியில் விலகிப்போனார். நடத்தப்பட்ட விதம் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னார், அமைப்பாளர்கள் மறுத்தார்கள். அவர் கடற்கரையில் உயிர்காப்பாளராக வேலை பார்த்தவர் என்று படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கடலில் இறங்கத் தெரிந்த பெண் அந்த மேடையிலும் இருந்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மாவுக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி என்ற அமைப்பு சர்வதேச விருது கொடுத்தது. 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கியபின் பாசி எடுக்கும் பெண்களுக்கு வந்த கெடுபிடிகளுக்கு நடுவே, அவர்களைச் சங்கமாகச் சேர்த்து, இனப்பெருக்கக் காலத்தில் பாசி எடுக்காமல் நிறுத்திவைக்கவும் வழி செய்தவர்களில் அவர் ஒருவர். டீச்சர், அந்தப் பிள்ளையிடம் துன்சியின் படத்தைக் காட்டும்போது லட்சுமி அம்மாவின் படத்தையும் காட்டுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று காட்டாதீர்கள். அவள் மேடைக்குப் போக ஆசைப்பட்டால் போகட்டும். நான்கூடப் பதினைந்து வயதில் துண்டைத் தோளில் பட்டையாகக் குறுக்கே போட்டுக்கொண்டு மணலில் நடந்து பார்த்தவள்தான்.

தொண்டி ரஃபீக் எழுதியது:

தங்கச்சி, நீ சொன்னதைப் படித்தபின் எனக்கு ஒரு கேள்வி. அந்த மேடையில் கடைசிச் சுற்று கேள்வி பதில்தான். ஒரு நிமிடத்துக்குள், கூட்டத்துக்கு முன்னால், பதறாமல் பேச வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுக்க யாருக்கும் லட்சங்கள் வேண்டாம். அவர்கள் போட்டிக்குப் போகிறார்களோ இல்லையோ, வங்கியிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பேசத் தேவைப்படும். மண்டபத்தில் அப்படி ஒன்று தொடங்கினால் ஒலிபெருக்கிச் செலவை நான் ஏற்கிறேன்.

தேவிபட்டினம் குமரன் எழுதியது:

பேச்சுப் பயிற்சி என்றால் என் அக்கா மகளையும் அனுப்புகிறேன். மேடை, மகுடம் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை. கிரீம் பற்றிச் சுமையா எழுதியதை எங்கள் குடும்பக் குழுவில் பகிர்ந்திருக்கிறேன்.

மண்டபம் செல்வி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பில் பேசினேன். ஹோஸ்டன், ஜான்சன், துன்சி, ரீட்டா ஃபாரியா, லட்சுமி அம்மா எல்லாரைப் பற்றியும் சொன்னேன். இந்தியாவின் வெற்றி வரிசையில் நம் நிறம் இதுவரை இல்லை என்பதையும், அதற்குப் பின்னால் இருக்கும் சந்தையையும் மறைக்காமல் சொன்னேன். கேள்வி கேட்ட பிள்ளை ஜான்சனின் பட்டையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அந்தப் பெயரோடு ஏன் நின்றார், மறுத்திருக்கலாமே" என்றாள். இன்னொருத்தி, "நின்றதால்தான் நமக்கு அவர் பெயர் தெரிகிறது" என்றாள். மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை.

சுமையா, நீங்கள் கேட்கச் சொன்னதைத் தனியாக அழைத்துக் கேட்டேன். பூசுகிறாள். அவள் மட்டும் இல்லை, வகுப்பில் பலர். சித்தப்பா அனுப்பியது, அத்தை கொடுத்தது என்கிறார்கள். நீங்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பள்ளிக்கு வர முடியுமா? தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிடுகிறேன். ராணி அக்காவும் வந்தால் பிள்ளைகள் நம்புவார்கள்.

கீழக்கரை சுமையா எழுதியது:

பொங்கல் விடுமுறையில் வருகிறேன், டீச்சர். அதுவரை வீட்டிலிருக்கும் டப்பாக்களைத் தூக்கி எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். மூடி, அட்டைப்பெட்டி எல்லாவற்றோடும் கொண்டுவரட்டும். பெயரும் கலவை விவரமும் பார்த்தால்தான் எது ஸ்டீராய்டு என்று சொல்ல முடியும். பாதரசக் கிரீமை இன்றே நிறுத்தச் சொல்லலாம். ஆனால் ஸ்டீராய்டு கிரீமை நாள்கணக்கில் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தினால் முகம் எரியும். அவர்களைத் தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் படிப்படியாக நிறுத்த வேண்டும். கால் வீக்கமோ, சிறுநீரில் நுரையோ இருக்கிற பிள்ளை யாராவது இருந்தால் பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம், உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

அரண்மனைத் தெரு ராணி எழுதியது:

நானும் வருகிறேன். கருத்த நிறத்துக்குப் பொருந்துகிற ஃபவுண்டேஷன் என் கடையில் நான்கு வகை சும்மா இருக்கிறது. அவற்றையும் எடுத்து வருகிறேன்.